முதல்ல வெளியே விடுங்க டீச்சர்

போன வருடம் ஜூலை மாதம். பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு மூன்றாவது மாடியில் அறை ஒதுக்கியிருந்தார்கள். மணி அடித்ததும் படியேறி, நேராக உள்ளே போய், புத்தகத்தைப் பிரித்துச் செய்யுளைப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது அடியில் மூன்றாவது சீர் வரைக்கும் வந்தேன், அதற்கு மேல் வரவில்லை. சொல் மறக்கவில்லை, இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன், அந்தப் பாட்டெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். காற்றுதான் இல்லை. சீரின் நடுவில் நின்று, மேசையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினேன். முதல் பெஞ்சில் இருந்த பெண் எழுந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அன்று சாயங்காலமே மருத்துவரிடம் போனேன். ஈசிஜி, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். இதயம், நுரையீரல் இரண்டும் நன்றாக இருக்கிறது, பிரஷர் மட்டும் 150க்கு 95 என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தினமும் நடங்க, மூச்சுப்பயிற்சி பண்ணுங்க" என்றார். எந்த மூச்சுப்பயிற்சி, யாரிடம் கற்பது, எப்படி ஆரம்பிப்பது என்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், போனில் தேடினேன். முதலில் வந்த வீடியோவில் ஒருவர் கபாலபாதி செய்துகொண்டிருந்தார். வயிற்றை வெடுக் வெடுக்கென்று உள்ளே இழுத்து மூச்சை வெளியே அடிப்பது. நிமிடத்துக்கு அறுபது தடவை, முடிந்தால் நூறு என்றார். ஹாலில் பாயைப் போட்டு அவர் கூடவே நானும் அடித்தேன். இரண்டாவது நிமிடத்தில் உதட்டைச் சுற்றி மரத்துப்போனது, விரல் நுனியெல்லாம் சுருசுருவென்றது, தலை கிறுகிறுத்துச் சுவரில் சாய்ந்தேன். என் மகன் பயந்துபோய் மின்விசிறியை வேகமாக வைத்தான்.

ஏன் அப்படி ஆனது என்பது பிறகுதான் தெரிந்தது. தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், விரல் மரக்கும். கரியமில வாயு என்றால் வெறும் கழிவு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். உடம்பு அதையும் ஓர் அளவில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. இன்னொன்று, பிரஷர் கூடுதலாக இருப்பவர்கள், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கபாலபாதி செய்யக்கூடாது என்பது யோகா சொல்லித்தருகிற யாருக்கும் தெரிந்த அடிப்படை. நான் பார்த்த வீடியோவில் அது ஒரு வரிகூட இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தயவுசெய்து அதில் ஆரம்பிக்காதீர்கள்.

எங்கள் தெருவில் இருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ஐயா இருக்கிறார். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர். காலை ஐந்தரைக்கு அவர் வீட்டு மொட்டை மாடியில் நாலைந்து பேருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தருகிறார், காசு வாங்குவதில்லை. என் கூட வேலை பார்க்கும் கணக்கு டீச்சர்தான் கூட்டிக்கொண்டு போனார். ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "மூச்சு விடுங்க டீச்சர், பாக்கலாம்" என்றார் ஐயா. நான் நெஞ்சை நிமிர்த்தி, தோளை ஏற்றி, முடிந்த மட்டும் உள்ளே இழுத்தேன்.

"நான் விடத்தானே சொன்னேன், நீங்க இழுக்கிறீங்க."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் சொன்னார்: "சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்ப்பு பாத்திருப்பீங்க. கைப்பிடியை அடிவரைக்கும் அமுக்கினாத்தான் மேல தூக்கும்போது புதுக் காத்து நிறைய வரும். பாதி அமுக்கிப் பாதி தூக்கினா அதே காத்துதான் உள்ளேயே ஆடிக்கிட்டிருக்கும். முதல்ல வெளியே விடுங்க டீச்சர். உள்ளே வர்றது தானா வரும்."

அன்று பஸ்ஸில் பள்ளிக்குப் போகும்போது முழுக்க இதுதான் மனதில் ஓடியது. தமிழில் சுவாசிப்பதற்கு நாம் தினமும் புழங்குகிற சொல் 'மூச்சு விடுவது'. குழந்தை மூச்சு விடுகிறதா பார் என்கிறோம், மூச்சு விட நேரமில்லை என்கிறோம். மூச்சு எடுக்கிறதா பார் என்று யாரும் சொல்வதில்லை. 'மூச்சு வாங்குது' என்றால் இரைக்கிறது, இளைக்கிறது என்று அர்த்தம். வாங்குவது திணறல், விடுவதுதான் சுவாசம் என்று மொழி இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அந்த மொழியையே பாடமாக நடத்துகிற எனக்கு அது நாற்பத்தேழு வயதில் ஒரு மொட்டை மாடியில் காதில் விழுந்தது.

முதல் பத்து நாள் மூக்கைப் பிடிக்கவே விடவில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புள் மேல் அரைக் கிலோ துவரம்பருப்புப் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார். மூச்சு உள்ளே போகும்போது பொட்டலம் மேலே வரவேண்டும், வெளியே வரும்போது இறங்கவேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. எனக்கோ நேர் எதிராக நடந்தது. இழுக்கும்போது வயிறு உள்ளே போனது, நெஞ்சு மட்டும் தூக்கிக்கொண்டது, பொட்டலம் மேலே வரவே இல்லை. நாலாவது நாள், அதுவும் நான் முயற்சியை விட்டுவிட்டு வானத்தில் வெளுத்துக்கொண்டிருந்த மேகத்தைப் பார்த்தபடி கிடந்தபோது, பிளாஸ்டிக் உறையின் ஓரம் லேசாகச் சரசரத்தது. கண்ணைத் தாழ்த்திப் பார்த்தேன். பொட்டலம் ஏறியது. பருப்பு உள்ளே ஒரு பக்கமாகச் சரிந்து, பிறகு இறங்கியது. நான் எதையும் செய்யவில்லை, அது தானாக நடந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரிக் கவிழ்ந்திருக்கும் தசைக்கு உதரவிதானம் என்று பெயர். அது சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்குகிறது, நுரையீரலுக்கு இடம் கிடைக்கிறது, வயிற்று உறுப்புகள் கொஞ்சம் முன்னே தள்ளப்படுகின்றன. வயிறு உப்புவது அதனால்தான், வயிற்றுக்குள் காற்று போவதில்லை. பயம், அவசரம், நாள் முழுக்க நின்றுகொண்டே சத்தமாகப் பேசுவது, வயிறு தெரியக்கூடாது என்று எக்கிக்கொண்டே நடப்பது, இதெல்லாம் சேர்ந்து மூச்சை நெஞ்சின் மேல்பகுதிக்கு ஏற்றிவிடுகிறது. பெண்களுக்கு இந்தக் கடைசி விஷயம் சின்ன வயதிலேயே பழகிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

மேலோட்டமாக விடும் மூச்சில் நஷ்டம் எவ்வளவு என்று கணக்கு டீச்சர்தான் ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் தாளில் போட்டுக் காட்டினார். ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 500 மில்லி காற்று உள்ளே போகும். அதில் 150 மில்லி அளவு மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் வழியிலேயே நின்றுவிடும், ரத்தத்தோடு சேருகிற காற்றறைகளுக்குப் போகாது. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் மொத்தம் 6 லிட்டர், அதில் பயன்படுவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரைச் சின்னச் சின்னதாக, 300 மில்லி வீதம் 20 மூச்சாக இழுத்தால் பயன்படுவது 3 லிட்டர்தான். உழைப்பு அதிகம், வரும்படி குறைவு. மூன்றாவது மாடியில் நான் செய்துகொண்டிருந்தது இந்த இரண்டாவது கணக்கு.

பதினோராவது நாள் உட்கார வைத்து எண்ணிக்கை சொல்லிக்கொடுத்தார். நாலு எண்ணும் வரை உள்ளே, நாலு எண்ணும் வரை வெளியே. ஒரு வாரம் கழித்து நாலு உள்ளே, ஆறு வெளியே. நிதானமாக எண்ணினால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சாதாரணமாகப் பெரியவர்கள் ஓய்வில் விடுவது 12 முதல் 20 வரை. நிமிடத்துக்கு 15 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21,600, நம் பெரியவர்கள் சொல்லி வைத்த கணக்கும் அதேதான்.

இடது மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பார்த்தபடி இதைச் செய்துபாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்கும், வெளியே விடும்போது இடைவெளி கூடும். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. டக் டக் டக் என்று போய்க்கொண்டிருந்தது, நீளமாக விடும்போது டக், டக் என்று தள்ளித் தள்ளி விழுந்தது. இதயத்தை நிதானப்படுத்துகிற வேகஸ் நரம்பின் வேலை மூச்சு வெளியேறும் நேரத்தில் ஓங்குகிறது, அதனால்தான் ஐயா வெளியே விடும் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போனார். 2001இல் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு 23 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தது. லத்தீனில் ஜெபமாலை சொல்லும்போதும், மந்திரம் ஓதும்போதும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு பக்கம் வந்து நின்றதையும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அதே தாளத்துக்கு இசைந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். கணக்கு டீச்சர் தினமும் ஜெபமாலை சொல்பவர். இதைக் கேட்டுவிட்டு, "எங்க அம்மாச்சி அதை முடிச்சிட்டு எழுந்திரிக்கும்போது முகமே வேற மாதிரி இருக்கும்" என்றார்.

அப்புறம்தான் நாடிசுத்தி. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு, கட்டைவிரலால் வலது மூக்கை மூடுவது, மோதிர விரலால் இடது மூக்கை மூடுவது. இடப்பக்கம் இழுத்து வலப்பக்கம் விட்டு, வலப்பக்கம் இழுத்து இடப்பக்கம் விட்டால் ஒரு சுற்று. எழுதினால் இரண்டு வரி. செய்யும்போது எனக்கு ஒரு வாரம் விரல் குழம்பியது. மூக்கை அழுத்தி அழுத்திப் பிடித்தேன், ஐயா பார்த்துவிட்டு மூக்குத் தண்டின் எலும்பு முடிந்து மெத்தென்று ஆரம்பிக்கிற இடத்தைக் காட்டி, அங்கே விரலைச் சும்மா வைத்தாலே காற்று நின்றுவிடும் என்றார். கை வலிக்கிறது என்று முழங்கையை விலாவோடு ஒட்டினேன், அப்படிச் செய்ததும் தலை குனிந்து நெஞ்சு ஒடுங்கிவிட்டது. முழங்கால் வலி இருந்ததால் மடித்த போர்வை மேல் உட்கார்ந்தேன், அதுவும் முடியாத நாளில் நாற்காலிதான். நாற்காலியில் உட்கார்ந்தால் பலன் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முதுகு நேராக இருந்தால் போதும்.

ஒரு நாள் இடது மூக்கு சுத்தமாக அடைத்திருந்தது, சளி எதுவும் இல்லை. ஐயா அதற்கு அசரவில்லை. "இப்ப சூரியகலை ஓடுது டீச்சர், கொஞ்ச நேரத்துல மாறும்" என்றார். வலது மூக்கு சூரியகலை, இடது சந்திரகலை, பிங்கலை, இடகலை என்றும் சொல்வார்கள். இது நம்பிக்கை சார்ந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். மூக்கின் உள்ளே இருக்கும் மெத்தையான திசு ஒரு பக்கம் வீங்கும்போது மறுபக்கம் சுருங்கும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறும். ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை 1895இல் எழுதியிருக்கிறார். சரம், அதாவது எந்த மூக்கில் மூச்சு ஓடுகிறது என்று பார்க்கத் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு அது அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். அடைத்திருக்கும் நாளில் முக்கி இழுக்காமல், இரண்டு மூக்காலும் சாதாரணமாக விட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

தமிழ் டீச்சர் என்பதால் எனக்கு ஓர் ஆசை இருந்தது. திருமூலர் இடப்பக்கம் 16 மாத்திரை பூரகம் (உள்ளே இழுப்பது), 64 மாத்திரை கும்பகம் (அடக்குவது), 32 மாத்திரை ரேசகம் (வெளியே விடுவது) என்று கணக்கு சொல்கிறார். மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று நான் பலகையில் எழுதிப்போடுகிற அதே மாத்திரை. அதை வைத்து ஒருவர் தன் மூச்சை அளந்திருக்கிறார் என்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நானும் அந்தக் கணக்குக்குப் போகலாமா என்று ஐயாவிடம் கேட்டேன்.

"மாத்திரைக்கு ஒரு நொடின்னு வெச்சாலே ஒரு மூச்சுக்கு நூத்திப் பன்னெண்டு நொடி. அதுல அறுபத்தி நாலு அடக்கணும். உங்களுக்குப் பிரஷர் இருக்கு. அடக்குற பேச்சே வேண்டாம் டீச்சர்."

"பழகினால் வராதா ஐயா?"

"எனக்கே முப்பது வருஷமா வரல. விடுறது நல்லா வரட்டும், அது போதும்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் வருத்தமே இல்லை. எண்ணிக்கையைக் கூட்டவேண்டும் என்ற அவசரம் அன்றோடு என்னை விட்டுப் போனது. மூச்சை அடக்கும் பயிற்சியைப் புத்தகத்தையோ வீடியோவையோ பார்த்துச் செய்யாதீர்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழிந்திருக்கட்டும். நடுவில் தலை சுற்றினால், படபடத்தால் அங்கேயே நிறுத்திச் சாதாரண மூச்சுக்கு வந்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பக்கத்திலேயே வைத்திருங்கள், மாத்திரை போடுபவர்கள் மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நான் இன்றைக்கும் போடுகிறேன்.

கடைசியாகப் பிராமரி. கட்டைவிரலால் காது மடலை லேசாக அழுத்தி மூடிக்கொண்டு, உதட்டைச் சேர்த்து, மூச்சை வெளியே விடும்போது வண்டு மாதிரி 'ம்' என்று ரீங்காரமிடுவது. இலக்கணத்தில் 'ம்' என்பதற்கு அரை மாத்திரைதான், குறுகினால் கால் மாத்திரை. இங்கே அதைப் பதினைந்து நொடி நீட்டுகிறேன். பற்களிலும் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் அதிர்வு பரவும், வெளியே பால்காரர் வண்டி போகும் சத்தம்கூடக் கேட்காது. மூக்கை ஒட்டிய எலும்பறைகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உண்டாகிறது, ரத்தக் குழாய்களை விரியச் செய்வது அதன் குணம். ரீங்காரமிடும்போது மூக்கு வழியாக அது பல மடங்கு கூடுதலாக வருகிறது என்று ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2002இல் அளந்து சொன்னார்கள். இரவு தூக்கம் வராமல் புரளும் நாளில் ஐந்து தடவை செய்கிறேன், என் மகனும் பரீட்சை சமயத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு: நவம்பர் மாதம் பிரஷர் 130க்கு 84 இருந்தது. மாத்திரை, தினமும் அரைமணி நேர நடை, உப்பைக் குறைத்தது, மூச்சு, இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது படிக்கட்டுதான். இரண்டு படிக்கு உள்ளே, மூன்று படிக்கு வெளியே என்று எண்ணிக்கொண்டே ஏறுகிறேன். மூன்றாவது மாடிக்குப் போனதும் நேராகப் பாடத்தை ஆரம்பித்துவிடுவதும் இல்லை. கதவருகே நின்று ஒரே ஒரு முறை முழுவதும் வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். நாலடிப் பாட்டில் இரண்டடியை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது. மார்கழியில் பனியும் சளியும் சேர்ந்து பதினைந்து நாள் விட்டுப்போனது, மறுபடி பருப்புப் பொட்டலத்தில் இருந்துதான் தொடங்கினேன்.

இந்த ஜூன் மாதம் எட்டாம் வகுப்பும் எனக்கு வந்தது. அதில் எழுத்துகளின் பிறப்பு பாடமாக இருக்கிறது. உடம்பின் உள்ளிருந்து எழும் காற்று மார்பு, கழுத்து, தலை, மூக்கு ஆகிய இடங்களில் பொருந்தி எழுத்தாகப் பிறக்கிறது என்று அது சொல்கிறது. தொல்காப்பியர் அந்தக் காற்று உந்தியில், அதாவது கொப்பூழில் இருந்து கிளம்புவதாகச் சொல்கிறார். இத்தனை வருடமும் இதைப் பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். இந்த முறை புத்தகத்தை மூடச் சொன்னேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளையும் எழுந்து நிற்க வைத்து, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, மூச்சு தீரும் வரைக்கும் 'ஆ' சொல்லச் சொன்னேன். அறை முழுக்க ஆவென்று எழுந்து, ஒவ்வொரு குரலாகத் தேய்ந்து அடங்கியது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் மட்டும் குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர், வயிறு உள்ளே போகுது" என்றான்.

"ஆமாம்டா" என்றேன். "இன்னொரு தடவை சொல்லிப் பாரு."